சித்திரை வரைக்கும் அந்த மரங்களில் கை வைக்க வேண்டாம்: நம் தெரு நலச் சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர் அண்ணாச்சிக்கும், செயலாளர் சாருக்கும், பொருளாளர் அக்காவுக்கும், தெருவில் உள்ள எல்லா வீட்டாருக்கும் வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை நடந்த கூட்டத்தில், கூடு கட்டியிருக்கும் பறவைகளின் எச்சமும் வாடையும் சத்தமும் தாங்க முடியவில்லை என்று, தெருமுனைப் புளியமரத்தையும் அதை ஒட்டி நிற்கும் இரண்டு தூங்குமூஞ்சி மரங்களையும் கிளை கழிப்பதென்று தீர்மானம் போட்டிருக்கிறோம். நோட்டில் கிளை கழிப்பது என்றுதான் எழுதியிருக்கிறது. ஆனால் மரம் அறுக்கிறவர் வந்து சுற்றிப் பார்த்துவிட்டு, "கூடு இருக்கிற கொப்பு பூராவும் எடுத்துட்டா அப்புறம் மரத்துல என்ன இருக்கு?" என்று கேட்டதை அங்கே நின்ற எல்லாரும் கேட்டோம். அவர் கேட்டது சரியான கேள்வி.

கூட்டத்தில் பத்துப் பேர் ஒரே நேரத்தில் பேசியதில் யார் பேச்சும் முழுதாக முடியவில்லை, அதனால் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொண்டு வாசித்துவிடுங்கள். நான் கேட்பது ஒன்றுதான்: சித்திரை பிறக்கிற வரைக்கும் அந்த மூன்று மரங்களையும் விட்டுவிடுங்கள். அதற்குப் பிறகு எந்தக் கொப்பை எடுப்பது, எதை விடுவது என்று உட்கார்ந்து பேசுவோம்.

முதலில் உங்கள் புகார்கள். அவற்றில் எதையும் யாரும் கூட்டிச் சொன்னதாக எனக்குத் தெரியவில்லை. மரத்தடியில் நிறுத்திய வண்டிகளின் மேல் விழும் எச்சத்தில் யூரிக் அமிலம் இருக்கிறது, உடனே கழுவாவிட்டால் பெயின்ட்டையே அரித்துத் தடம் விழுந்துவிடும். மொட்டைமாடித் தட்டட்டியில் காயப்போட்ட துணியை மறுபடி அலச வேண்டியிருக்கிறது. குஞ்சுகள் பயந்துவிட்டால் தின்ற மீனைக் கக்கிவிடும், அது வெயிலில் கிடந்து நாறும்போது மூக்கைப் பொத்தாமல் அந்த இடத்தைத் தாண்ட முடியாது. நடுராத்திரியில் வக்கா என்கிற ராக்கொக்கு போடும் சத்தத்தில் கைக்குழந்தைகள் முழித்துக்கொள்கிறார்கள். மூச்சு இரைப்பு உள்ள பெரியம்மா ஒருவர், இந்த வாடையால் ஜன்னலைத் திறக்கவே முடியவில்லை என்று சொன்னபோது கூட்டமே அமைதியாகிவிட்டது. இதையெல்லாம் தினமும் அனுபவிக்கிறவர்களிடம் போய், பறவைகள் எவ்வளவு அழகு பாருங்கள் என்று சொல்வது மரியாதை ஆகாது. நான் அதைச் சொல்லவும் வரவில்லை.

பிடிக்காத ஒன்றோடும் சேர்ந்து இருக்க முடியும் என்பதைத்தான் சொல்ல வந்தேன். எனக்கு அதைக் காட்டிக்கொடுத்தது அந்த மரத்தில் இருக்கும் பறவைகளே.

எங்கள் தட்டட்டியில் நின்றால் புளியமரத்தின் மேல்கொப்புகள் கண்ணுக்கு நேராக வந்துவிடுகின்றன, பைனாகுலர்கூட வேண்டாம். உச்சியில் சின்னக் கொக்குகளும் உண்ணிக்கொக்குகளும், நடுவில் வக்கா, ஓரக்கொப்புகளில் மடையான், இடம் கிடைத்த மூலையிலெல்லாம் நீர்க்காகம். வயலில் மண்ணோடு மண்ணாகத் தெரியாமல் உட்கார்ந்திருக்கும் அதே மடையானுக்கு இந்தப் பருவத்தில் முதுகு அரக்குச் சிவப்பாக மாறியிருக்கிறது, பார்த்தவர்கள் வேறு பறவை என்றே நினைப்பார்கள். கீழேயிருந்து பார்த்தால் எல்லாம் ஒற்றுமையாகக் குடியிருக்கிற மாதிரிதான் தெரியும். கிட்ட இருந்து பார்த்தால் நாள் முழுக்கச் சண்டை. ஒரு நீர்க்காகம் சுள்ளி பொறுக்க வாய்க்கால் பக்கம் போன நேரம் பார்த்துப் பக்கத்துக் கூட்டுக் கொக்கு எட்டி அதன் கூட்டிலிருந்தே ஒரு சுள்ளியை உருவிக்கொள்ளும், திரும்பி வந்த நீர்க்காகம் கழுத்தை நீட்டிக்கொண்டு கத்தும், கொக்கு இறகெல்லாம் சிலிர்த்து எதிரே நின்று கத்தும், இரண்டு பக்கமும் கொஞ்ச நேரம் கத்தி முடித்ததும் அவரவர் முட்டை மேல் போய் உட்கார்ந்துவிடும்.

இரண்டு கூட்டுக்கும் நடுவே உள்ள தூரத்தை ஒருநாள் வந்து பாருங்கள். உட்கார்ந்தபடியே இந்தப் பறவை கழுத்தை முழுக்க நீட்டினால் அந்தப் பறவையின் மேல் அலகு படலாம், படாமலும் போகலாம், அந்த அளவுதான் இடைவெளி. கூட்டமாகக் கூடு கட்டும் பறவைகள் பெரும்பாலும் இப்படித்தான் இடம் பிரித்துக்கொள்கின்றன. அலகு எட்டும் தூரத்துக்குள் வந்தால் கொத்து நிச்சயம். அதற்கு அந்தப் பக்கம் நீ யாராக இருந்தாலும், எவ்வளவு கத்தினாலும், என்ன நாற்றம் அடித்தாலும் இருந்துகொள். மரத்தைவிட்டே போ என்று ஒன்று இன்னொன்றை விரட்டி நான் பார்த்ததில்லை. முட்டைக்குக் குறிவைத்துக் காகமோ பருந்தோ வந்தால் மரம் மொத்தமும் சேர்ந்து கத்துகிறது, காலையில் சுள்ளி திருடிய கொக்கின் கண்தான் மத்தியானம் நீர்க்காகத்தின் முட்டைக்கும் காவலாக இருக்கிறது. ஒன்றை ஒன்று பிடித்துப்போய் அவை சேர்ந்திருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. சேர்ந்திருந்தால்தான் பிழைக்க முடியும், சேர்ந்திருக்க இவ்வளவு இடம் போதும் என்று எப்படியோ முடிவாகியிருக்கிறது.

கூட்டத்தில் ஒருவர், இதெல்லாம் வெளிநாட்டுப் பறவை, அங்கேயிருந்து நோயைக் கொண்டுவருகிறது என்றார். இதை மட்டும் திருத்தியே ஆக வேண்டும். குளிர்காலத்தில் வெளிநாட்டிலிருந்து நம் பக்கம் பறவைகள் வருவது உண்மை. இமயமலையைத் தாண்டிப் பறந்து வரித்தலை வாத்து கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்துக்கு வருகிறது. ஆனால் அப்படி வருகிறவை இங்கே கூடு கட்டுவதில்லை, வெயில் ஏறத் தொடங்கியதும் குஞ்சு பொரிக்கத் தங்கள் ஊருக்கே திரும்பிவிடுகின்றன. நம் மரத்தில் இருக்கிற ஐந்து வகையும் நம் ஊர்ப் பறவைகள். பிசான நெல் சாகுபடிக்கு வயல் உழும்போது டிராக்டருக்குப் பின்னாலேயே நடந்துபோய் பூச்சி பொறுக்கியது இதே உண்ணிக்கொக்குதான், வரப்பில் தவளைக்காகக் காத்து நின்றது இதே மடையான்தான். வடகிழக்குப் பருவமழையில் குளங்கள் நிறைந்து மீனும் தவளையும் பெருகுகிற நேரத்தில்தான் இவை கூடு கட்டுகின்றன, மழை பொய்த்த வருஷம் கட்டாமலே விட்டுவிடுவதும் உண்டு. முன்பு நம் குளத்துக்குள்ளேயே கருவேல மரங்கள் நின்றன, கூடு எல்லாம் அங்கே இருந்தது. அந்த மரங்களும் போய், கரையோர மரங்களும் போய், இப்போது தண்ணீருக்குப் பக்கத்தில் மிச்சம் நிற்கிற பெரிய மரங்கள் இந்த மூன்றுதான். நாம் வீடு கட்டி வந்த இடத்துக்கு அவையும் வந்திருக்கின்றன, அவ்வளவுதான்.

இன்னொரு பேச்சும் கூட்டத்தில் வந்தது. "எப்படியும் பாதிக் குஞ்சு செத்துத்தான் போகுது, தினம் ஒண்ணு கீழே கிடக்கு, அது இயற்கை, நாம வெட்டினா மட்டும் பாவமா?" என்று கேட்டார்கள். இந்தக் கேள்வியை நான் லேசாகத் தாண்டிப்போக விரும்பவில்லை, ஏனென்றால் அதில் பாதி உண்மை இருக்கிறது.

எங்கள் தட்டட்டிக்கு நேராக ஒரு சின்னக் கொக்கின் கூடு இருக்கிறது. கொக்குகள் எல்லா முட்டையையும் ஒரே நாளில் இடுவதில்லை, ஒன்றிரண்டு நாள் இடைவெளிவிட்டு ஒவ்வொன்றாக இடும், ஆனால் முதல் முட்டையிலிருந்தே அடைகாக்கத் தொடங்கிவிடும். அதனால் குஞ்சுகளும் முன்பின்னாகத்தான் பொரிக்கும், மூத்தது தலைதூக்கி நிற்கும்போது கடைசிக் குஞ்சு தலையே நிற்காமல் கிடக்கும். தாயோ தகப்பனோ இரையோடு வந்து இறங்கியதும் மூத்த குஞ்சு எம்பி அதன் அலகைக் குறுக்காகக் கவ்விக் கீழே இழுக்கிறது. இழுத்த இழுப்பில் பெரிய பறவை தலையைத் தாழ்த்தி மீனைக் கக்குகிறது. வந்ததில் பெரும்பங்கு மூத்ததற்கு, மிச்சம் இரண்டாவதற்கு. கடைசிக் குஞ்சு கழுத்தைத் தூக்குவதற்குள் கூட்டில் ஒன்றும் இருக்காது. தூக்கிய தலையில் மூத்தது கொத்தும். குளத்தில் மீன் நிறைய இருக்கிற வாரங்களில் அதற்கும் ஏதோ கிடைக்கிறது, குறைகிற வாரங்களில் அது மெலிந்துகொண்டே போய் ஒருநாள் கூட்டில் காணாமல் போகிறது. அந்தப் பெரிய பறவை தேடுவதில்லை, அழுவதில்லை, அடுத்த இரைக்குப் பறந்துவிடுகிறது.

முதன்முதலாக அதைப் பார்த்துக்கொண்டு நிற்பது சாதாரண விஷயம் இல்லை. ஒரு குச்சி நுனியில் மீனைக் குத்தி எட்டிக் கொடுத்துவிடலாமா என்று கை பரபரக்கிறது. என்னோடு நின்று பார்க்கும் தெருப் பிள்ளைகள் கேட்கிற முதல் கேள்வியும் அதுதான், "நாம போய் அதுக்கு மட்டும் கொடுத்துட்டு வந்தா என்ன?" நாம் கொப்பில் ஏறினால் பெரிய பறவைகள் எழும்பிவிடும், அது எழும்பிய நேரத்தில் காகம் பக்கத்துக் கூட்டு முட்டைகளைத் தூக்கிவிடும், ஒன்றைக் காப்பாற்றப் போய் ஐந்தைக் கொன்றதாக முடியும். இதைச் சொன்னால் பிள்ளைகளுக்குப் புரிகிறது. முகம் வாடிப்போகிறது, ஆனால் புரிகிறது. பறவை பார்க்கிறவர்களுக்கு இந்த வாட்டம் பழகிப்போகும். நமக்குப் பிடிக்கிற மாதிரி எதுவும் நடக்காது, நாம் நினைத்த குஞ்சு பிழைக்காது, நாம் காத்திருந்த பறவை வராது, நாம் அந்தப் பக்கம் திரும்பிய நேரத்தில்தான் வரும். நம்மைக் கேட்டு எதுவும் அங்கே நடப்பதில்லை என்பதை மனசு மெல்ல ஒத்துக்கொள்கிறது. அதை ஒத்துக்கொண்ட பிறகு பார்ப்பதில் ஒரு நிம்மதி இருக்கிறது, அதை அனுபவித்தவர்களுக்குத் தெரியும்.

சரி, இதை ஒத்துக்கொள்கிற நான் மரம் வெட்டுவதை மட்டும் ஏன் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறேன்? குளத்தில் மீன் குறைந்து கடைசிக் குஞ்சு சாவதை நம்மால் மாற்ற முடியாது. அந்தச் சாவுக்குள் ஒரு கணக்கும் இருக்கிறது, இருக்கிற இரையில் இரண்டாவது பிழைக்கட்டும் என்ற கணக்கு. மெஷினை வைத்து அறுத்தால் மூத்தது, இளையது, முட்டை, அடைகாக்கும் பறவை என்று ஒரு கணக்கும் இல்லாமல் மொத்தமும் ஒரே மத்தியானத்தில் தரைக்கு வரும். அது நம் முடிவு, நம் கையெழுத்து, நம் சங்கத்துப் பணம். நம்மால் மாற்ற முடிந்ததை இயற்கை என்று சொல்லிக் கைகழுவ முடியாது.

2022 செப்டம்பரில் கேரளாவில் மலப்புறம் மாவட்டத்தில் நெடுஞ்சாலை அகலப்படுத்த ஒரு மரத்தைக் கூடுகளோடு சாய்த்தார்கள். அந்த வீடியோவை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். மரம் சாய்ந்த வேகத்தில் குஞ்சுகள் ரோட்டில் சிதறி விழ, பெரிய பறவைகள் மேலே சுற்றிச் சுற்றிப் பறந்தன. பார்த்த யாரும் அதை மறக்க மாட்டார்கள். அதற்கு வனத்துறை வழக்குப் போட்டது. வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம், 1972, வேட்டை என்பதற்குக் கொடுக்கும் விளக்கத்திலேயே காட்டுப் பறவைகளின் முட்டையைச் சேதப்படுத்துவதும் கூட்டைக் கலைப்பதும் சேர்ந்துதான் இருக்கிறது. உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை, சட்டம் தெரியாமல் நம் தெருக்காரர் யாரும் சிக்கிக்கொள்ளக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். தெருவோர மரம் நம் சங்கத்துச் சொத்தும் கிடையாது, அதை வெட்ட முறையான அனுமதி வேண்டும்.

பறவையோடு குடியிருக்க முடியாது என்று சொல்கிறவர்கள் ஒருமுறை கூந்தன்குளம் போய்வர வேண்டும், நாங்குநேரி தாலுகாவில் நமக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. 1994-இல் அதைச் சரணாலயமாக அறிவித்தார்கள், ஆனால் பறவைகள் சரணாலய எல்லைக்குள் மட்டும் நிற்கவில்லை, மஞ்சள் மூக்கு நாரையும் கூழைக்கடாவும் ஊருக்குள் வீட்டு வாசல் வேம்பிலும் புளியிலுமே கூடு கட்டும். கூழைக்கடாவின் எச்சத்தோடு ஒப்பிட்டால் நம் கொக்கின் எச்சம் ஒன்றுமே இல்லை. அந்த ஊர்க்காரர்களுக்கு மட்டும் மூக்கு இல்லையா? இருக்கிறது. வாசலைக் கழுவுகிறார்கள், துணியை உள்ளே காயப்போடுகிறார்கள், பறவை வந்தால் அந்த வருஷம் நல்லது நடக்கும் என்கிறார்கள், எச்சம் கலந்த தண்ணீரும் வண்டலும் வயலுக்கு உரம் என்பதும் அவர்களுக்குத் தெரியும். சிவகங்கைப் பக்கம் வேட்டங்குடிக்கு அருகே கொள்ளுக்குடிப்பட்டியில் பறவைகள் மிரளும் என்பதற்காகத் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை, எத்தனையோ வருஷமாக. வெடி போடாத தீபாவளிக்கு ஒரு ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் பழகியிருக்கிறார்கள் என்றால் அதற்குப் பின்னால் எவ்வளவு பேச்சும் விட்டுக்கொடுப்பும் இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். வேடந்தாங்கல்காரர்கள் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுடுகிறார்கள் என்று செங்கல்பட்டு கலெக்டரிடம் முறையிட்டு, 1798-இலேயே எழுத்து மூலமாகப் பாதுகாப்பு வாங்கியவர்கள். யாரும் வந்து அவர்களுக்கு வகுப்பு எடுக்கவில்லை.

இவர்களெல்லாம் பரம்பரையாகப் பழகியவர்கள், நமக்கு அப்படி இல்லையே என்று நீங்கள் சொல்லலாம். அதற்குத்தான் அசாமில் நடந்ததைச் சொல்ல வேண்டும். அங்கே ஹர்கிலா என்று ஒரு பெருநாரை இருக்கிறது. ஏறக்குறைய ஐந்தடி உயரம், வழுக்கைத் தலை, கழுத்தில் தொங்கும் பை, செத்ததையும் குப்பையையும் தின்னும், கூட்டுக்குக் கொண்டுவரும் அழுகல் துண்டுகள் வாசலில் விழும். அபசகுனம் என்று ஜனங்கள் அதை வெறுத்தார்கள். 2007-இல் காமரூப் மாவட்டம் தாதரா கிராமத்தில் ஒருவர் தன் வீட்டு மரத்தைக் கூடுகளோடு வெட்டிச் சாய்த்தார். அதைத் தட்டிக்கேட்டது பூர்ணிமா தேவி பர்மன் என்ற ஆராய்ச்சி மாணவி, அக்கம்பக்கத்தார் சூழ்ந்துகொண்டு அவரைக் கேலி செய்தார்கள். அவர் போலீஸைக் கூட்டிக்கொண்டு வரவில்லை. அந்த ஊர்ப் பெண்களோடு பேச ஆரம்பித்தார். பறவைகள் முட்டையிடும் பருவத்தில் கர்ப்பிணிப் பெண்ணுக்குச் செய்கிற சடங்கை அந்த நாரைக்கும் செய்தார்கள், தறியில் அதன் உருவத்தை நெய்து விற்றார்கள். இன்றைக்கு ஆயிரக்கணக்கான பெண்கள் அந்தப் பறவைக்குக் காவல். 2022-இல் ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டத்தின் உயரிய விருது அவருக்குக் கிடைத்தது. அழியும் நிலையில் இருப்பதாகப் பட்டியலிட்டிருந்த அந்தப் பறவை 2023-இல் அந்த ஆபத்துக் கட்டத்திலிருந்து இறங்கியது. பறவைக்கு இன்றைக்கும் வழுக்கைதான், அதன் கூட்டுக்குக் கீழே இன்றைக்கும் நாறத்தான் செய்கிறது. மாறியது ஜனங்கள், அதுவும் ஒரு தலைமுறைக்குள்ளேயே.

இதையும் சொல்லிவிடுகிறேன், கோபப்படாதீர்கள். மரத்தைப் பற்றிப் பேசிய அதே மூச்சில் மேற்கு வரிசை மாடியில் வாடகைக்கு இருக்கும் வடமாநிலப் பையன்களைப் பற்றியும் பேசினோம். கடுகெண்ணெய் வாடை, ராத்திரி ஊருக்குப் போன் பேசும் சத்தம், காலி செய்யச் சொல்லுங்கள் என்று. வாடை, சத்தம், காலி. இரண்டு விஷயத்துக்கும் ஒரே மூன்று வார்த்தையைப் பயன்படுத்தினோம். அந்தப் பையன்கள் நம்மில் பாதிப் பேர் வீட்டுக்கு டைல்ஸ் பதித்தவர்கள். அவர்கள் சமையல் நமக்குப் பிடிக்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. பத்து மணிக்கு மேல் தட்டட்டியில் பேசாதீர்கள் தம்பி என்று போய்ச் சொன்னால் கேட்டுக்கொள்வார்கள். அவ்வளவு இடைவெளி இருந்தால் எல்லாரும் இதே தெருவில் இருந்துகொள்ளலாமே.

வக்காவிடம் ஒரு பழக்கம் இருக்கிறது. அதன் கூட்டில் வேறு வக்காவின் குஞ்சைக் கொண்டு வைத்தாலும் அடைகாக்கும், தன் குஞ்சு எது, மற்றது எது என்று பிரித்துப் பார்க்காது. பறவைக்குப் பெரிய மனசு என்று இதற்கு அர்த்தம் சொல்ல மாட்டேன், அதற்கு அடையாளம் தெரியவில்லை என்றுகூட இருக்கலாம். ஆனால் 2023 டிசம்பர் வெள்ளத்தின்போது நம் தெரு மாடிகளில் யார் யாரெல்லாம் தங்கினார்கள் என்று நினைத்துப் பார்க்கிறேன். 17-ஆம் தேதி ராத்திரி தண்ணீர் ஏற ஏற, தாழ்வான தெருக்காரர்கள், பஸ் நின்றுபோன வெளியூர்க்காரர்கள் எல்லாரும் ஏறி வந்தார்கள், யார் என்ன என்று ஒருவரும் கேட்கவில்லை, இருந்த அரிசியைப் பொங்கி எல்லாரும் சாப்பிட்டோம். அந்தத் தெருவுக்குத்தான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

இனி செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். முட்டையிட்டால் பொரிக்க ஏறக்குறைய மூன்று வாரம், அப்புறம் குஞ்சு சொந்தமாகப் பறக்க ஐந்தாறு வாரம். இன்றைக்குச் சில கூடுகளில் இன்னும் முட்டை இருக்கிறது, சிலவற்றில் குஞ்சுகள் கொப்பு விட்டுக் கொப்பு தாவிப் பழகுகின்றன. அதனால்தான் சித்திரை என்று கேட்டேன். அதுவரைக்கும் மரத்தடியில் வண்டி நிறுத்துவதைக் கோயில் பக்கத்துக் காலியிடத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். மாற்ற முடியாத இரண்டு வீட்டாருக்குப் பச்சை வலையில் ஒரு பந்தல் போட்டுக் கொடுக்கலாம். பிசானம் அறுப்பு முடிகிற நேரம், வைக்கோல் மலிவாகக் கிடைக்கும். மரத்தடியில் கனமாகப் பரப்பி வாரத்துக்கு ஒருமுறை அள்ளிவிட்டுப் புதிதாகப் போட்டால் எச்சம் தரையில் ஒட்டாது, அள்ளியதை உரக்குழிக்குக் கொண்டுபோகச் சந்தோஷமாக ஆள் வருவார்கள். காய்ந்த எச்சத்தைத் தயவுசெய்து அப்படியே பெருக்க வேண்டாம், அந்தத் தூசிதான் நுரையீரலுக்குக் கெடுதல். முதலில் தண்ணீர் தெளித்து, மூக்கில் துணியோ மாஸ்க்கோ கட்டிக்கொண்டு அள்ள வேண்டும். துப்புரவுக்கு வரும் அக்காவுக்கும் மாஸ்க்கும் கையுறையும் சங்கத்திலிருந்தே வாங்கிக் கொடுக்க வேண்டும், இது பறவை இருந்தாலும் இல்லாவிட்டாலும் நாம் எப்போதோ செய்திருக்க வேண்டியது. கீழே விழும் மீனை வெயில் ஏறுவதற்குள் பொறுக்கிப் புதைத்துவிட்டால் நாற்றத்தில் பெரும்பகுதி போய்விடும், காலையில் அந்த வேலையை நானும் தெருப் பிள்ளைகளும் பார்த்துக்கொள்கிறோம். பெரியம்மா வீட்டுக்கு நேரே உள்ள பக்கத்தைத் தினமும் முதலில் சுத்தம் செய்துவிடுவோம். அடிபட்டு விழும் குஞ்சை வெறுங்கையால் தூக்காதீர்கள், நேராகக் கண்ணுக்குக் குறிவைத்துக் கொத்தும். ஒரு துண்டைப் போட்டு மூடி எடுத்து, அட்டைப்பெட்டியில் வைத்து வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

குஞ்சுகள் எல்லாம் பறந்த பிறகு, வீட்டுக் கூரைகளுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் கொப்புகளை மட்டும், அனுமதி வாங்கி, அடுத்த மழைக்கு முன்னால் எடுத்துக்கொள்ளலாம். அதை நான் எதிர்க்க மாட்டேன், மனுப் போடவும் கூட வருகிறேன். குளத்துப் பக்கம் நீளும் கொப்புகளை விட்டுவைத்தால் பறவைகள் அந்தப் பக்கமாக இடம் பிடித்துக்கொள்ள வாய்ப்பு இருக்கிறது. குளத்துக்கரையில் நாட்டுக் கருவேலமும் நீர்மருதும் வைத்து வளர்க்க வேண்டும் என்று நீர்வளத் துறைக்குச் சங்கத்தின் பெயரில் ஒரு மனுவும் எழுதி வைத்திருக்கிறேன், அடுத்த கூட்டத்தில் வாசித்துக் காட்டுகிறேன், திருத்தம் இருந்தால் சொல்லுங்கள்.

தலைவர் அண்ணாச்சி, மரம் அறுக்கிறவரை வருகிற புதன்கிழமை வரச் சொல்லியிருப்பதாகக் கேள்விப்பட்டேன். அவருக்கு இன்றைக்கே ஒரு போன் போட்டு நிறுத்திவிடுங்கள். அவருக்கு முன்பணம் கொடுத்திருந்தால் அதை என் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள். வலைக்கும் வைக்கோலுக்கும் என் பங்கை இன்று சாயங்காலம் பொருளாளர் அக்காவிடம் கொடுத்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
கிழக்கு வரிசை, கடைசி வீடு